கேல் வாங்கினால் மத்தை மறந்துவிடச் சொல்

ஹாம்பர்க்
செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் அடுத்த மாதம் இங்கே படிக்க வருகிறாளே, கீரை இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காதே என்று கவலைப்பட்டு எழுதியிருந்தாய். கவலையே வேண்டாம். இங்கே குளிர்காலம் முழுக்கப் பச்சை இலை கிடைக்கும். ஆனால் அதில் நிறையவே கேல். அதைச் சமைக்கத் தெரிந்துகொண்டு வரட்டும்.

கேலைக் கீரை என்று நினைத்தால் அங்கேயே தப்பு. அது முட்டைக்கோஸ், நூல்கோல் இனம். முளைக்கீரை போல அடுப்பில் வைத்ததும் தண்ணீர் விட்டுச் சுருங்காது. தண்ணீர் ஊற்றித்தான் வேகவைக்க வேண்டும். எவ்வளவு நேரம் மத்தால் கடைந்தாலும் நார் நாராகத்தான் நிற்கும்.

சந்தையில் மூன்று வகை பார்ப்பாள். சுருட்டை இலைக்கு இங்கே க்ரூன்கோல் என்று பெயர். வெட்டி, பை போட்டும் விற்கிறார்கள். பையில் தண்டையும் சேர்த்தே வெட்டிப் போட்டிருப்பார்கள், அது கடைசிவரை வேகாது. கட்டாகக் கிடைத்தால் அதையே வாங்கட்டும். ஒரு கையால் காம்பைப் பிடித்து, மறுகையால் இலையை அடியிலிருந்து நுனிக்கு உருவினால் நடுத்தண்டு தனியாக வந்துவிடும். அரைக் கிலோ வாங்கினால் கைக்கு வருவது 300 கிராம் சொச்சம். சுருக்கங்களுக்குள் அசுவினிப் பூச்சி ஒட்டியிருக்கும். குழாயில் காட்டினால் போகாது. உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி, அலசி எடுக்க வேண்டும்.

கூட்டுக்கு அந்த 300 கிராமைக் கோஸ் பொரியலுக்கு நறுக்குவது போலப் பொடியாக நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு, சிட்டிகை மஞ்சள் தூளோடு அடுப்பில் வைக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் மூடக் கூடாது. மூடினால் இலையிலிருந்து வரும் அமிலம் வெளியே போகாமல் பச்சை மங்கிவிடும், கோஸ் வாடையும் தூக்கலாகும். பிறகு அரைகுறையாக மூடி, பன்னிரண்டு பதினைந்து நிமிடம். ஒரு துண்டை எடுத்து நகத்தால் கிள்ளினால் அறுபட வேண்டும், இழுபடக் கூடாது. 100 கிராம் பாசிப்பருப்பைத் தனியாக வேகவைத்துச் சேர்த்து, நாலு டேபிள்ஸ்பூன் தேங்காய், ஒரு டீஸ்பூன் சீரகம், அரை டீஸ்பூன் மிளகு, இரண்டு வரமிளகாய் அரைத்து விட்டு ஒரு கொதி. கடுகும் உளுத்தம்பருப்பும் பெருங்காயமும் தாளித்தால் முடிந்தது. கேலில் லேசாக ஒரு கசப்பு உண்டு. தேங்காயில் கஞ்சத்தனம் பண்ணினால் அது மேலே வந்துவிடும்.

புளியோ தக்காளியோ போடுவதானால் இலை நன்றாக வெந்த பிறகுதான். முதலிலேயே போட்டால் இலை விறைத்துப்போய் எத்தனை நேரமானாலும் மெத்தென்று ஆகாது, நிறமும் பழுப்படிக்கும். பச்சையாக இருக்கட்டும் என்று சமையல் சோடா போடுகிறவர்கள் உண்டு. நிறம் நிற்கும், இலை கூழாகிவிடும், சத்தும் போகும்.

இரண்டாவது, கறுப்பு கேல். நீளமாக, கருநீலம் கலந்த பச்சையில், மேலெல்லாம் சொரசொரவென்று இருக்கும். இத்தாலிக்காரர்கள் சூப்பில் போடும் இலை. இதற்கு உங்கள் டில்லியில் காஷ்மீரி வீடுகளில் செய்யும் ஹாக் முறையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஹாக் இலையும் இதே இனம்தானே. மூன்று டேபிள்ஸ்பூன் கடுகெண்ணெயைப் புகைய விட்டு, பெருங்காயம், கிள்ளாத வரமிளகாய் நாலு, இரண்டு டம்ளர் தண்ணீர், உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது இலையைப் போட்டு, மூடாமல் கால் மணி நேரம். சோற்றில் அந்தத் தண்ணீரோடு பிசைந்து சாப்பிட வேண்டும்.

மூன்றாவது, சிவப்பு ரஷ்யன். ஊதா நரம்பு, மெல்லிய இலை, ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். பிஞ்சு இலையானால் உப்பும் எலுமிச்சையும் போட்டு இரண்டு நிமிடம் கையால் பிசைந்து தயிர்ப் பச்சடி செய்யலாம். சுருட்டையைப் பச்சடிக்குப் போட்டால் தாடைதான் வலிக்கும்.

மசியல்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் மாங்கோல்ட் வாங்கட்டும். அது பீட்ரூட் இனம், நம் பாலக்குக்கு நெருக்கம். தண்டை முதலில் போட்டு ஐந்து நிமிடம் கழித்து இலை. கேலில்தான் மசியல் என்றால் பாதி இலையை மிக்ஸியில் அடித்து, ஒரு டீஸ்பூன் அரிசி மாவு கரைத்து விட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் தனி, இலை தனி.

சாக், அதுதான் அந்தப் பஞ்சாபிக் கீரை மசியல், அதில் பைத்தியம் பிடித்தவள் வேறு. அதற்கு வேண்டிய சர்சோன், கடுகுக் கீரை, இங்கே லேசில் கிடைக்காது. கேல் அரைக் கிலோ, பாலக் கால் கிலோ, ஊறவைத்து அரைத்த கடுகு ஒரு டீஸ்பூன். அந்தக் காரம் கிட்டத்தட்ட வந்துவிடும். சாக்கில் சேர்க்கும் பத்துவா, அதுதான் நம் சக்கரவர்த்திக் கீரை, இங்கே கோடையில் காய்கறித் தோட்டங்களில் களையாக முளைக்கிறது. அங்கே குளிருக்கு வருவது இங்கே வெயிலுக்கு வருகிறது, என்ன செய்ய! சாக்கில் மக்காச்சோள மாவு தூவ மறக்க வேண்டாம்.

உறைபனி விழுந்த பிறகு பறித்த கேல் இன்னும் இனிப்பாக இருக்கும். குளிரில் செடி இலையில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. பறித்த இலையை ஃப்ரீசரில் வைத்தால் அந்த இனிப்பு வராது, மென்மையாகும், அவ்வளவுதான். சமைத்து டப்பாவில் அடைத்த கேலை மட்டும் பார்த்து வாங்கச் சொல். இந்த ஊரில் அதைப் பன்றிக் கொழுப்பிலும் தொத்திறைச்சியோடும்தான் மணிக்கணக்கில் வேகவைப்பது வழக்கம்.

இதைப் படித்துவிட்டு நீயும் கேல் வாங்க அங்கே ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கிளம்புவாய், தெரியும். அத்தான் இன்னும் ரத்தம் உறையாமலிருக்க அந்த வார்ஃபாரின் மாத்திரை சாப்பிடுகிறாரா? கேலில் வைட்டமின் கே மிக அதிகம், அது அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். டாக்டரைக் கேட்காமல் அவர் தட்டில் திடீரென்று நிறைய வைக்காதே. சின்னவள் பெட்டியில் கட்டிப் பெருங்காயம் 100 கிராம் வை.

அன்புடன்,
தம்பி