ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று மூன்று முறையும் பார்க்காத சர்வீஸ் சென்டர் மீது புகார்

அல்சூர், பெங்களூரு

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: கோளாறைக் கண்டுபிடிக்காமல் தேவையில்லாத பாகங்களை மாற்றி ரூ. 14,050 வசூலித்தது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

என்னுடைய 2016 மாடல் பெட்ரோல் காரை வாங்கிய நாளிலிருந்து தங்கள் சர்வீஸ் சென்டரில்தான் விட்டு வருகிறேன். வெளியில் ஆயில் மாற்றியதுகூடக் கிடையாது. அந்த நம்பிக்கையில்தான் இந்த ஏப்ரலில் இன்ஜின் சூடாகிறது என்று மூன்று முறை கொண்டுவந்தேன். மூன்று முறையும் அதே கோளாறோடுதான் வீடு திரும்பினேன்.

முதல் நாளே உங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் விவரமாகச் சொன்னேன். காலையில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஓடும்போது டெம்பரேச்சர் முள் பாதியில் அசையாமல் நிற்கிறது. மாலையில் சில்க் போர்டு நெரிசலில் மாட்டினால் ஐந்தாறு நிமிடத்தில் முள் ஏறத் தொடங்குகிறது. அதற்கு முன்பே ஏசியில் குளிர் போய் வெறும் காற்று வருகிறது. வழி கிடைத்து வண்டி வேகம் பிடித்தால் முள் தானாக இறங்கிவிடுகிறது. இவ்வளவும் சொல்லியும் ஜாப் கார்டில் ஏறியது ‘இன்ஜின் ஹீட்’ என்ற இரண்டே வார்த்தைதான்.

முதல் முறை, கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் மாற்றினீர்கள், ரூ. 4,850. இரண்டாம் முறை வாட்டர் பம்ப், ரூ. 9,200. இரண்டு முறையும் டெஸ்ட் டிரைவ் போய்ப் பார்த்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். ஓடுகிற வண்டியில் எப்படித் தெரியும்? எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடுமே. நின்ற இடத்தில்தான் ஃபேனுக்கு வேலை. ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் அதே ஃபேன்தான். நான் சொன்ன இரண்டு அறிகுறியும் ஒரே இடத்தைத்தான் காட்டின.

மூன்றாம் முறை போனதற்குக் காரணம் இருக்கிறது. 74 வயதான என் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போய்த் திரும்பும் வழியில், சிக்னலில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஏசியை அணைத்து, இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்க ஹீட்டரை முழுதாகத் திறந்து, எப்படியோ ஓரம் கட்டினேன். பானெட்டுக்குள்ளிருந்து கூலன்ட்டின் இனிப்பு வாடையோடு ஆவி வந்தது. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அம்மாவால் வெயிலில் கண் திறக்க முடியவில்லை. பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு ஸ்டூலை நிழலில் போட்டு உட்காரவைத்தார். முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தோம்.

அன்று வண்டியைப் பார்த்த உங்கள் ஆள் ‘ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார்’ என்று சொல்லி ரூ. 38,000-க்கு எஸ்டிமேட் கொடுத்தார். இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு அது. அது போனதற்கான அடையாளங்கள் உண்டா, ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா, கூலன்ட்டில் குமிழி வருகிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா என்று கேட்டேன். எதையும் பார்க்கவில்லை. ‘பிரிச்சாத்தான் தெரியும்’ என்றார். நான் சம்மதிக்காமல் வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

அப்புறம் நண்பர் ஒருவர் சொல்லி, ஜே.சி. ரோடு பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு தமிழ் மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் கையில் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. ‘தம்பி, ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போடுங்க’ என்றார். பானெட்டைத் திறந்து பார்த்தால் ஃபேன் அசையவில்லை. ‘ஏசி போட்டா இது சுத்தியாகணும். யாரும் பார்க்கலையா?’ என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஃபேனுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேவுக்குப் பதில், அதே பெட்டியிலிருந்த அதே மாதிரி இன்னொரு ரிலேவை மாற்றிப் போட்டார், ஃபேன் ஓடவில்லை. அடுத்து ஃபேன் மோட்டாரின் கனெக்டரை இழுத்தார், வரவில்லை. வலுவாக இழுத்ததும் பிளாஸ்டிக் பிசிறோடு வந்தது. உள்ளே ஒரு பின் கறுத்துக் கரியாகியிருந்தது, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பு நிறத்தில் உருகியிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேன் இறக்கையை என் கையால் சுற்றச் சொன்னார். இறுகிக் கிடந்தது. பேரிங் தேய்ந்து மோட்டார் திணறியிருக்கிறது, அதனால் அதிகக் கரண்ட் இழுத்திருக்கிறது, அந்தச் சூட்டில் கனெக்டர் உருகியிருக்கிறது என்று விளக்கினார். பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தபோது ஃபேன் முனகிக்கொண்டே மெல்லச் சுற்றியதையும் காட்டினார். இவ்வளவுக்கும் இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

புது ஃபேன் மோட்டார், கனெக்டர், கூலி எல்லாம் சேர்த்து ரூ. 4,600. இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. தினமும் அதே சில்க் போர்டு, முள் பாதியைத் தாண்டவில்லை.

பாகங்களை மாற்றுவதில் தவறு நடக்கலாம், அதை நான் புரிந்துகொள்கிறேன். என்னால் ஏற்க முடியாதது, சோதிக்காமலே மாற்றியது. ஃபேன் ஓடாத வண்டியை இரண்டு முறை ‘சரியாகிவிட்டது’ என்று சாவியைக் கையில் கொடுத்தீர்கள். அலுமினிய சிலிண்டர் ஹெட் அதிகச் சூட்டில் வளைந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இன்னும் இரண்டு தடவை சூடாகியிருந்தால், நீங்கள் சொன்ன 38,000 ரூபாய் வேலை நிஜமாகவே வந்திருக்கும்.

ஆகவே, வாங்கிய ரூ. 14,050-ஐ முழுதாகத் திருப்பித் தர வேண்டும். கழற்றிய தெர்மோஸ்டாட்டையும் பம்ப்பையும் நான் கேட்டும் காட்டவில்லை. அவை எந்த நிலையில் இருந்தன, என்ன சோதனைக்குப் பிறகு மாற்றினீர்கள் என்று எழுத்தில் தர வேண்டும். இனி இன்ஜின் சூடு என்று வரும் எந்த வண்டிக்கும், பாகத்தில் கை வைக்கும் முன் நின்ற நிலையில் ஏசி போட்டு ஃபேனைப் பார்த்து ஜாப் கார்டில் குறிக்கும்படி உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள்.

15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்து, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இரண்டு பில்களின் நகல், ஹெட் கேஸ்கெட் எஸ்டிமேட், கனெக்டரின் படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். உருகிய கனெக்டரும் பழைய மோட்டாரும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் இன்ஜினியர் யாராவது வந்தால் நேரிலேயே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்