ஆடிக்காற்றில் அளக்கும் கசிவுக் கணக்கு

ஐயா,

பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் நான்கு புறமும் அடைத்துக் கட்டி, உள்ளே காற்றையும் வெப்பத்தையும் விசிறிகளால் கட்டுப்படுத்தும் ஈ.சி. கோழிக்கொட்டகைகள் பெருகிவரும் இவ்வேளையில், அவற்றின் காற்றுக்கசிவை அளப்பதில் நேரும் ஒரு தவறைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கதவையும் காற்று நுழையும் வழிகளையும் அடைத்து, ஒரேயொரு விசிறியை ஓடவிட்டு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டை மானோமீட்டர் என்னும் அழுத்தமானியில் பாஸ்கல் அலகில் பார்ப்பதே இப்பரிசோதனை. எண் கூடினால் கொட்டகை இறுக்கம், குறைந்தால் எங்கோ ஓட்டை. சென்ற ஆடியில் ஒரு நாள் பகல் 11 மணிக்கு எங்கள் பண்ணைக்கு வந்த, குஞ்சு தரும் கோழி வளர்ப்பு நிறுவனத்தின் மேற்பார்வையாளர், மானோமீட்டரின் வெளியழுத்தக் குழாயைக் கிழக்குக் கோடியில் சுவரோரமாகத் தொங்கவிட்டார். எண் 14 பாஸ்கலுக்கும் 31 பாஸ்கலுக்கும் நடுவே நில்லாமல் ஓட, அவர் 18 என்று எழுதிக்கொண்டு, கசிவை அடைக்காமல் குஞ்சு இறக்க முடியாது என்று சொல்லிப் போய்விட்டார். ஒன்பதாம் நாள் விடியற்காலை 5 மணிக்கு, ஓர் ஓட்டையைக்கூட அடைக்காமல், நானே அளந்தபோது எண் 34இல் நின்றது. நிறுவனம் அதை ஏற்றுக் குஞ்சு அனுப்புவதற்குள் 12 நாள் கொட்டகை காலியாகக் கிடந்தது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வரும் மேல்காற்றைப் பற்றி இப்பகுதியாருக்குச் சொல்லத் தேவையில்லை. காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். வெயிலுக்காக நாம் கொட்டகையைக் கிழமேலாக நீட்டிக் கட்டுவதால், அதன் மேற்கு முகம் அக்காற்றை நேராக வாங்குகிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகக் காற்று சுவரில் மோதினால் ஏறத்தாழ 15 பாஸ்கல் அழுத்தம் உண்டாகும். வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகி 60ஐத் தொடும். எங்கள் விசிறிகள் மேற்குக் கோடியில் இருப்பதால் காற்றை எதிர்த்துத் தள்ள வேண்டியிருந்தது. காற்று மறைவான கிழக்கிலோ வெளியழுத்தமே தாழ்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்து நல்ல கொட்டகையை ஓட்டைக் கொட்டகையாகக் காட்டிவிட்டன. குழாயை மேற்கே வைத்திருந்தால் ஓட்டைக் கொட்டகையும் தேறியிருக்கக்கூடும் என்பதுதான் இதைவிடக் கவலை தருவது.

கட்டடங்களின் காற்றுக்கசிவைச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 9972 என்னும் பன்னாட்டுத் தரநிலை இதற்கு வழி சொல்கிறது. விசிறியை ஓட்டுமுன்பும் நிறுத்திய பின்பும், அதன் வாயை மூடிவைத்து, குறைந்தது 30 விநாடி இயற்கை அழுத்த வேறுபாட்டை அளந்து கழிக்க வேண்டும். அது 5 பாஸ்கலைத் தாண்டினால் சோதனையே செல்லாது. தரையருகே காற்று விநாடிக்கு 3 மீட்டரை மிஞ்சினால் சரியான அளவு கிடைப்பது அரிது என்றும் அது எச்சரிக்கிறது. ஆனால் கழித்தல் கணக்குச் சராசரிக் காற்றை மட்டுமே சரிசெய்யும். திடீரென்று வீசும் வேகத்துக்கு அது உதவாது. ஆகவே வெளிக்குழாயை நான்கு பக்கமும் பிரித்து டி இணைப்பால் ஒன்றாக்கி, முனைகளைச் சுவரைவிட்டுத் தள்ளித் தரையோடு வைத்து, ஓட்டையிட்ட டப்பாவால் மூடி, ஒரு நிமிடத்துக்கு மேல் சராசரி எடுப்பது நல்லது. நான் பெயிண்ட் டப்பாவில் ஆணியால் துளையிட்டு, உள்ளே ஸ்பாஞ்ச் திணித்து வைத்தேன். எண்ணின் ஆட்டம் பாதிக்கு மேல் அடங்கியது.

எனவே, பரிசோதனை அறிக்கையில் நேரம், காற்றின் வேகம், வெளிக்குழாய் இருந்த இடம், விசிறி ஓடாதபோது இருந்த அழுத்தம் ஆகிய நான்கையும் எழுதாத எண்ணைப் பண்ணையாளர்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டாம் எனவும், கோழி வளர்ப்பு நிறுவனங்கள் ஆனி முதல் ஆவணி வரை இச்சோதனையை விடியலுக்கு முன்பே வைத்துக்கொள்ள வேண்டும் எனவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கறிக்கோழிப் பண்ணையாளர் ஒருவர்,
பல்லடம் வட்டம்