கிணற்றை மூடாதே மச்சான்

அன்பு மச்சான்,

நீயும் தங்கச்சியும் ஓய்வுக்கு யாழ்ப்பாணம் திரும்பி வந்து இருப்பதற்காக, அப்பாவின் பழைய வீட்டைத் திருத்தக் கீறி அனுப்பிய வீட்டுப் படம் கிடைத்தது. கடையில் கொடுத்துப் பெரிய தாளில் அச்செடுத்து, மேசையில் விரித்து வைத்து, நானும் மனுசியும் பின்னேரம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முன் விறாந்தையையும் தூண்களையும் தொடாமல் விட்டிருக்கிறாய். அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு என்ற மரியாதை அதில் தெரிகிறது. தங்கச்சிக்கு முழங்கால் நோ என்றபடியால் எல்லாவற்றையும் கீழ்த்தளத்திலேயே வைத்ததும் நல்ல யோசனை.

பின்பக்கம் வந்ததும்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய குசினியை இடிக்கிறாய். கிணற்றுக்குக் கொங்கிறீற் மூடி போட்டு மோட்டர் மட்டும் வைக்கிறாய். வளவு முழுக்கக் கல் பதிக்கிறாய். சமையல் எல்லாம் மின்சார அடுப்பில். "ஓய்வூதியம் டொலரில் வரும், இங்கே என்ன நெருக்கடி வந்தாலும் எங்களைத் தொடாது" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

2022 பொருளாதார நெருக்கடியில் காசில்லாமல் கஷ்டப்பட்ட சனம் ஏராளம். அவர்களின் பாடு பெரும்பாடு. ஆனால் காசு இருந்த ஆக்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள் மச்சான். அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது ஏப்ரல் 12 அன்று. அதற்கு முன்னமே, மார்ச் கடைசியில், மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போய்விட்டது. 2021 டிசம்பரில் 177 ரூபா விற்ற ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. அந்த விலை கொடுக்க ஆள் இருந்தது, பெற்றோல்தான் இல்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் காசு அனுப்பிய வீடுகளிலும் வெறும் காஸ் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டி, கடை வாசலில் வரிசையில் வைத்துவிட்டு இரவிரவாகக் காவல் இருந்தார்கள். நாட்டிடம் டொலர் இல்லாதபோது கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் உன் வங்கிக் கணக்கில் என்ன இருந்தாலும் அடுப்பு எரியாது. அதுதான் நான் கண்ணால் கண்டது.

எழுபதுகள் உனக்கு ஞாபகம் இருக்கும். 73 இல் விடியற்காலையில் பாணுக்கு வரிசையில் நின்றோமே. அதே காலத்தில்தான் மிளகாய், வெங்காய இறக்குமதியை நிறுத்தியதால் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் தலை நிமிர்ந்தார்கள். மிளகாய் விற்ற காசில் கல்வீடு எழும்பியது, லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வந்தது. அரிசியும் மாவும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தவர்களுக்குப் பஞ்சம். மண்ணும் கிணறும் கையில் இருந்தவர்களுக்கு அது நல்ல காலம். ஒரே நாடு, ஒரே வருடம்.

நீ 84 இல் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்ததைக் கடிதத்தில் எழுதினாலும் முழுக்கப் புரிந்திருக்காது. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு மின்சாரம் போனது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி என்று எதற்கும் தட்டுப்பாடு. யாழ்ப்பாணம் முழுக்க இரவில் எரிந்தது ஜாம் போத்தல் விளக்குத்தான். ஒரு சின்னப் போத்தலின் அடியில் பஞ்சு, அதை நனைக்கிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், பஞ்சிலிருந்து மேலே வருகிற ஒரு நூல் திரி. சுவாலை போத்தலுக்குள்ளேயே நிற்கும், காற்றுக்கு அணையாது, சரிந்தாலும் எண்ணெய் கொட்டாது. அந்த வெளிச்சத்தில் படித்த பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். கார்புரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை இயக்கி, அப்புறம் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம்.

பெருமைக்கு இதை எழுதவில்லை. அந்தக் காலம் யாருக்கும் திரும்ப வரக்கூடாது. ஆனால் 2022 இல் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எங்கள் ஒழுங்கையில் வயது போனவர்கள் பதறவில்லை. கொழும்பில் மாடி வீட்டில் இருந்த என் மருமகன் குடும்பம் பதறியது. காஸ் முடிந்தது, மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாததால் மேலே தண்ணியும் ஏறவில்லை. விறகு வாங்கினாலும் எங்கே வைத்து எரிப்பது? அவர்களுக்குச் சம்பளம் குறைவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வழிதான் இருந்தது, அந்த வழி அடைபட்டது. எங்களுக்கு இரண்டாவது வழி இருந்தது. வீட்டில் ஐந்து வருடத்துக்கான சாமானைக் குவித்து வை என்று நான் சொல்லவரவில்லை. தண்ணிக்கு, நெருப்புக்கு, வெளிச்சத்துக்கு, சோற்றுக்கு, மருந்துக்கு, கப்பலை நம்பாத இன்னொரு வழி திறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் என் வாதம். உன் படத்தில் அந்த வழிகளை எல்லாம் நீயே காசு கொடுத்து அடைக்கிறாய்.

முதலில் கிணறு. எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிற மழைத்தண்ணிதான் எல்லாம். ஐப்பசி, கார்த்திகை மழை வளவில் இறங்க வேண்டும். முழுக்கக் கல் பதித்தால் அது ஒழுங்கைக்கு ஓடி, வாய்க்காலில் போய், கடலுக்குப் போய்விடும். கார் நிற்கிற இடத்துக்கு மட்டும் கல் போடு, மற்றதை மண்ணாக விடு. கிணற்றுக்குக் கட்டைச் சுற்றி உயர்த்தி மேலே இரும்பு வலை போடலாம், பேரப்பிள்ளைகள் வந்தாலும் பயமில்லை. ஆனால் வலையில் ஒரு கதவு வை, மேலே கப்பி மாட்டு, ஒரு கயிறும் வாளியும் எப்போதும் தொங்கட்டும். மேலே ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்று வைத்தால், மின்சாரம் வந்த நேரத்தில் நிரப்பிவிட்டு இரண்டு பேரும் சிக்கனமாக ஒரு கிழமை சமாளிக்கலாம். அதற்கும் மேலே போனால் வாளி.

அடுத்தது குசினி. மின்சார அடுப்பு தாராளமாக வை, தங்கச்சிக்கு லேசு. ஆனால் பழைய குசினியின் புகைக்கூட்டை மட்டும் இடிக்க விடாதே. அந்தக் காலத்து மேசன் கட்டினது, உள்ளே நின்றால் புகை கண்ணில் படாது. இப்போது அப்படி ஒன்று கட்ட ஆள் பிடிப்பது கஷ்டம். அதன் கீழே இரட்டை வாய்க் களிமண் அடுப்பு ஒன்று வைத்துவிடு. 'அனகி' அடுப்பு என்று தெற்கில் செய்கிறார்கள், இங்கேயும் கிடைக்கிறது. முன்வாயில் சோறு வேக, பின்வாயில் அதே சூட்டில் கறி கொதிக்கும். மூன்று கல் அடுப்பை விட விறகு குறைவாகத்தான் கேட்கும். எரிக்க என்ன வேண்டும்? உன் வளவிலேயே நாலு பனை, ஆறு தென்னை. கங்குமட்டை, பன்னாடை, பாளை, சிரட்டை, பொச்சு, ஊமல் எல்லாம் இப்போது நீ அனுப்புகிற காசில் ஆள் பிடித்து அள்ளி எரிக்கிற குப்பை. பின்சுவரோடு ஒரு சாய்ப்புக் கூரை இறக்கி, மழைக்கு முன்னம் அடுக்கிவிட்டால் ஒரு மாரி தாண்டும். மண்ணெண்ணெய் இருக்கிறதே என்று நினைக்காதே. 2022 ஓகஸ்டில் அது ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மயிலிட்டிப் பக்கம் வள்ளங்கள் கரையில் கிடந்தன.

சூரிய மின்சாரத்தில் ஒரு விஷயம் உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பற்றரி இல்லாமல் மின்சார சபையின் கம்பியோடு இணைக்கிற சாதாரண முறை, மின்வெட்டு நேரத்தில் தானாகவே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிறவனுக்கு அடிக்காமல் இருப்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 2022 இல் கூரை நிறையச் சூரியத் தகடு இருந்த வீடுகளும் நல்ல வெயிலில் மின்விசிறி சுற்றாமல் இருந்தன. ஆகவே பற்றரியோடு சேர்ந்து இயங்குகிற ஹைபிரிட் இன்வேர்ட்டர்தானா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. முழு வீட்டுக்கும் தேவையில்லை. நாலு விளக்கு, இரண்டு மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தொலைபேசி, இவற்றுக்குத் தனி இணைப்பு இழுத்தால் போதும்.

குளிர்சாதனப் பெட்டி என்றதும் உன் இன்சுலின் ஞாபகம் வந்தது. 2022 இல் ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு எவ்வளவு மோசம் என்று பத்திரிகையில் படித்திருப்பாய். டொக்டரிடம் சொல்லி, எப்போதும் இரண்டு மாத மருந்து கையில் இருக்கிற மாதிரி வாங்கு. புதிதாக வாங்கியதைப் பின்னுக்கு வைத்து, பழையதை முதலில் எடு, காலாவதித் திகதி தாண்டாது. திறந்து பாவிக்கிற இன்சுலின் போத்தல் பொதுவாக 4 கிழமை அளவுக்கு வெளியில் இருக்கலாம், 30 பாகைக்கு மேல் சூடு ஏறக்கூடாது. சித்திரை வெயிலில் அது கஷ்டம். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், நிழலில் வைத்தால் வெளியை விடக் குளிர்ச்சியாக இருக்கும். உன்னுடைய மருந்துக்கு எவ்வளவு நாள் என்பதை டொக்டரிடம் கேட்டு எழுதி வை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ஆசை அதிகம், மன்னித்துக்கொள். தை, மாசியில் வன்னியில் காலபோக நெல் வெட்டு, மாரி மழையில் விளைந்த நெல்லின் அறுவடை, நடக்கும். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து கிளிநொச்சிப் பக்கம் நேரே நெல்லாகவே எடுக்கிறோம். அரிசியை விட நெல் நெடுநாள் நிற்கும், வண்டும் குறைவு. 100 கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய 65 கிலோ அரிசி காணும். உங்கள் இரண்டு பேருக்கும் மாதம் 15 கிலோ தாராளம். இரண்டு மூட்டை நெல் இருந்தால் அரை வருடத்துக்குச் சோற்றுக் கவலை இல்லை. அவிக்கவும் குற்றவும் இப்போதும் ஆலை இருக்கிறது. நல்லாக் காயவைத்து, நிலத்தில் படாமல் பலகை மேல் வை, இடையிடையே வேப்பிலை போடு.

அப்புறம் பனை. ஆவணி, புரட்டாதியில் விழுகிற பனம்விதையைப் பாத்தி போட்டால், தை மாசியில் கிழங்கு. பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இரண்டும் அடுத்த மாரி வரைக்கும் கெடாது. தண்ணி ஊற்றவேண்டாம், உரம் வேண்டாம். 2021 இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து, அடுத்த போகத்தில் நெல் விளைச்சல் விழுந்தபோதும் பனை தன் பாட்டில் காய்த்தது. ஒடியல் மாவைக் கைப்பு போக ஊறவிட்டு, தண்ணியை வடித்துத்தான் கூழுக்கு எடுக்கவேண்டும் என்பதைத் தங்கச்சி மறந்திருக்க மாட்டாள். பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, கொஞ்சம் நண்டு, பழப்புளி, செத்தல் மிளகாய் போட்டால், வறுமைக்குச் சாப்பிடுகிற சாப்பாடு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வேலிக் கரையோடு முருங்கைத் தடி இரண்டு மூன்று ஊன்றிவிடு. குளிக்கிற தண்ணி போகிற பக்கம் வாழை. மரவள்ளி ஒரு வரிசை. வல்லாரை, பொன்னாங்காணி கிணற்றடி ஈரத்துக்கே வரும். 2022 செப்ரெம்பரில் சாப்பாட்டுச் சாமான் விலை ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த மாதங்களில் நாங்கள் மரக்கறிக்குச் சந்தைக்குப் போனது குறைவு. பால்மா இல்லாததால் பிளேன்டீயும் பனங்கட்டியும்தான். மனுசி இப்போதும் அதைத்தான் குடிக்கிறாள், அவளுக்குப் பிடித்துவிட்டது.

காரை விடச் சைக்கிள் வாங்குவதில் அவசரப்படு. பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்த பிறகுதான் வரிசை குறைந்தது, அதுவரைக்கும் யாழ்ப்பாணத்தைச் சைக்கிள்தான் ஓட்டியது. மிச்சமாக இரண்டு ரியூப், ஒரு ரயர், பஞ்சர் ஒட்டுகிற சாமான் வீட்டில் இருக்கட்டும். காணி உறுதியின் மூலப் பிரதியை இங்கே வைக்காதே. 95 ஒக்டோபரில் சண்டை நெருங்கி ஊர் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டபோது எத்தனை வீட்டு உறுதிகள் போயின என்று கச்சேரியில் போய்க் கேட்டால் தெரியும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் விட முக்கியம். நீ வேலிக்குப் பதிலாக எட்டடி மதில் கேட்டிருக்கிறாய். எங்கள் வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழைந்து போகிற இடைவெளி, இருக்கிறது. 2022 இல் அந்தப் பொட்டாலேதான் எல்லாம் போய் வந்தது. எங்கள் விறகு அந்தப் பக்கம், அவர்களின் முட்டை இந்தப் பக்கம். பின்வீட்டில் கைக்குழந்தை இருந்ததால், மூன்று வீட்டில் மிஞ்சிய காஸ் முழுக்கப் பால் காய்ச்ச அந்த வீட்டுக்குப் போனது. சங்கக்கடையில் மண்ணெண்ணெய் வருகிறது என்றால் ஒரு ஆள் எல்லோருடைய கலனையும் கொண்டுபோவார். தனி ஆளாக யாரும் அந்த வருடத்தைத் தாண்டவில்லை. மதில் கட்டத்தான் வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு படலை வை. அவர்களுக்கும் ஒரு வார்த்தை நீயே போன் எடுத்துச் சொல், சந்தோஷப்படுவார்கள்.

மேசனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தைப்பொங்கல் முடிந்ததும் குசினிப் பக்கத்திலிருந்து இடிக்கத் தொடங்குவதாக இருக்கிறான். ஆகவே மார்கழி முடிய முன்னம் தங்கச்சியோடு கதைத்துப் புகைக்கூடு, கிணறு, மதில் மூன்றுக்கும் முடிவு சொல்லு. கப்பிக்கு நல்ல வார்ப்பு இரும்பு ஒன்று சுன்னாகத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். நீ சரி என்றால் வாங்கிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்