ஆவணி அமாவாசை வான்பார்வை, கூடவே மருந்து அட்டைகள்

உறவுகளே, வணக்கம். அமாவாசையன்று இரவு 8 மணிக்குப் பாம்பன் குந்துகால் கடற்கரையில் கூடுகிறோம். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி வாருங்கள்.

போன தடவை ஒரு பாப்பா, தனுசுப் பக்கம் பால்வீதி கிழிந்த மாதிரி கறுத்திருப்பதைக் காட்டி, "அங்கே மட்டும் நட்சத்திரமே இல்லையா?" என்று கேட்டாள். இருக்கின்றன. இடையில் கரியும் சிலிக்கேட்டும் (மணல் வகைத் தாது) கலந்த தூசி, மைக்ரானைவிடச் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்கள், ஒளியை மறைக்கின்றன. நீல ஒளிதான் அதிகம் அடிபடும்; அதனால் பின்னால் உள்ளவை மங்கி, சிவந்து தெரியும். 1930இல் வானியலாளர் டிரம்ப்ளர் நட்சத்திரக் கொத்துகளை ஆராய்ந்து இதை நிறுவினார். பால்வீதியின் மையத்திலிருந்து புறப்படும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மிடம் வந்து சேர்கிறது. எவ்வளவு பெரிய திரை!

அப்புறம், மனசுக்குக் கஷ்டமான ஒரு விஷயம். அன்று கரையில் வலைத்துண்டோடு சிக்கி, நாலு மாத்திரை மீதமிருந்த அட்டை ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. இது கடற்பசு மேயும் கடல். காலாவதியான மருந்தைக் கடலிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். 2016 திடக்கழிவு விதிகள் அதை வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. தனிப் பையில் கட்டி, இன்னதென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். ஊசி என்றால் கெட்டியான மூடி டப்பாவில் போட்டுக் கொடுங்கள்.