படிப்பக நிர்வாகிகளுக்கு, ஒரு ரப்பர் பால் வெட்டுக்காரனின் திறந்த மடல்

எங்கள் ஊர் படிப்பகத்தின் தலைவர், செயலாளர், கமிட்டிக்காரர்கள் எல்லோருக்கும்,

போன மாதம் ஜங்ஷனில் நீங்கள் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்தேன். சாவுச் செய்தி வந்த மூன்று மணி நேரத்தில் படம், பெயர், பன்னிரண்டு உறுப்பினர்களின் முகம் எல்லாம் தயார். ஆனால் அந்த அண்ணன் நாலு மாதமாகப் படிப்பகத்துப் பக்கமே வரவில்லை. நான் கவனித்தேன். கேட்கத்தான் போகவில்லை.

ரப்பர் பால் வெட்டுகிறவன் நான். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு முந்நூறு மரம். பக்கத்துத் தோட்டத்தில் ஆள் இருப்பது வெளிச்சம் அசைவதில் தெரியும், பேச்சு கிடையாது. மழை பிடித்தால் வேலையும் கிடையாது. மேற்குக் கடற்கரைக்காரர்களுக்கு ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடைக்காலம். அப்புறம் டாஸ்மாக்தான். பெண்களுக்கு மகளிர் குழு இருக்கிறது. தவணை கட்டக் கூடினாலும் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது அங்கே தெரிந்துவிடும். 2022இல் நாடு முழுவதும் தற்கொலையால் இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் பாதி மரம் சாய்ந்தது. நான் கட்டிலிலேயே கிடந்தேன். கடற்கரையில் ஆளையே பறிகொடுத்தவர்கள் இருக்க, மரத்துக்காக அழுவதா என்று வெட்கம் வேறு. ஒரு கூட்டுக்காரன் மட்டும் காலை நாலரைக்கு வந்து சன்னலைத் தட்டுவான். "எழும்பு மக்கா, எனக்குத் தனியாப் போக பயமா இருக்கு." முப்பது வருஷம் இருட்டில் வெட்டியவனுக்குப் பயமாம்! சிரட்டையில் ஒட்டுப்பாலை உரித்துக்கொண்டு அவன் பின்னால் நடப்பேன். மூன்றாம் வாரம்தான் வாய் திறந்தேன். அவன் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு பைக்கில் கூட்டிப்போய், மனநலப் பிரிவு வரிசையில் கூடவே நின்றான். தெரிந்தவர் யாராவது பார்த்தால் சீட்டு தனக்கு என்று சொல்வதாக ஏற்பாடு.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் கேரம் போர்டுக்குப் பவுடர் வாங்குங்கள். சனிக்கிழமை சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு, இரண்டு வாரமாகத் தலைகாட்டாதவர் யார் என்று பாருங்கள். இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போகட்டும். "ஏன் வரல" என்று விசாரணை வேண்டாம். ஆட்டத்துக்கு ஒரு கை குறையுது, வாருங்கள் என்று கூப்பிட்டால் போதும். குடித்திருந்தாலும் கூப்பிடுங்கள். அறிவிப்புப் பலகையில் 14416 என்று பெரிதாக எழுதிப் போடுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

இந்தச் சனிக்கிழமை நான் வருகிறேன். போக வேண்டிய வீடு ஒன்று இருக்கிறது, பெயரை நேரில் சொல்கிறேன். என்னோடு வர ஒரு ஆள் வேண்டும்.