பயிரழிவு இழப்பீட்டுச் சட்டம்: மனு வேலை தொடங்குகிறது

வணக்கம் உறவுகளே. இழப்பீட்டுக்காக ஒவ்வொரு போகமும் கையேந்தி நிற்கும் நிலை போக வேண்டும். தொகையும் கொடுக்கும் கால எல்லையும் சட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

மனுவை நேரே பாராளுமன்றத்துக்குத் தபாலில் போடாதீர்கள். உறுப்பினர் ஒருவரூடாகச் சமர்ப்பித்தால்தான் பொது மனுக்கள் குழுவுக்குப் போகும். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருவதால் அங்குள்ள சங்கங்கள் அந்த உறுப்பினர்களைச் சந்தியுங்கள். முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் சங்கங்கள் வன்னி உறுப்பினர்களிடம் போகலாம்.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிந்த கமக்காரர் அமைப்பின் கடிதத் தலைப்பில் எழுதுங்கள். பொதுக்கூட்டத் தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர், வரவு ஒப்பம் எல்லாம் அந்தக் கூட்டத்தின் அறிக்கையில் இருக்க வேண்டும். வெறும் கையெழுத்துத் தாள் எடுபடாது.

குத்தகைக்குச் செய்பவர்களின் நிலைதான் பெரிய பிரச்சினை. பதிவில் காணிக்காரர் பெயர் மட்டும் இருந்தால் அழிந்தது உங்கள் நெல், காசு அவர் பெயருக்கு. விதைக்கும் முன்பே குத்தகைக் கடிதம் எழுதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலுடன் கமநல சேவை நிலையத்தில் பதியுங்கள். "செய்கையாளருக்கே இழப்பீடு" என்ற வரி மனுவில் கட்டாயம் வரட்டும்.

வெள்ளம் வந்தால் தண்ணி வடியமுன் படம் எடுங்கள். வரம்பும் அருகிலுள்ள வாய்க்காலோ மதகோ தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எந்த வயல் என்று நிறுவ முடியாது.