பத்து நிமிட மணி வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

இந்த வருசமும் ஊரில் கதைத் திருவிழா வைக்கப் போகிறாய் என்று கேட்டதும் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் நிகழ்ச்சி நிரலில் ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று போட்டிருக்கிறாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். வேறு ஊர்களில் விழா நடத்துகிறவர்களும் வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

போன வருசம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து வந்த பெரியவரை நினைத்துப் பார். விறகு பொறுக்கப் போய் வழிதவறிய பிள்ளையின் கதை. இருட்டில், மரத்தடியில் பிள்ளை நிற்கிற இடத்தில் மணி அடித்தது. அவர் மறுபேச்சில்லாமல் கும்பிட்டுவிட்டு இறங்கினார். என் பக்கத்திலிருந்த சின்னவள் வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்: "அந்தப் பிள்ளை வீட்ட போச்சா, அம்மா?"

நம் பக்கத்தில் கதைக்கு எப்போது அவசரம் இருந்தது? பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில், பாரதப் போர் 18 நாள் என்றால் திருவிழாவும் 18 நாள். வைகாசியில் தம்பிலுவிலிலோ செட்டிபாளையத்திலோ கண்ணகை அம்மனுக்குக் கதவு திறந்தால், கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரையை நாள் நாளாகப் பாடுவார்கள். மதுரை எரிகிற இடத்தில் ஏட்டை மூடிவிட்டு யாரும் எழும்புவதில்லை. அம்மனின் கோபம் ஆற வேண்டும். அவளைக் குளிரவைக்கும் குளிர்த்திப் பாட்டைப் பாடித்தான் சனம் வீட்டுக்குப் போகும்.

பிள்ளைகள் நித்திரையாகிவிடுவார்கள் என்கிறாய். சரி, ஆகட்டும். கூத்துக் களரிக்குப் பக்கத்தில் பாயில் சுருண்டு படுத்து, மத்தளச் சத்தத்தில் திடுக்கிட்டு எழும்பிப் பார்த்துத்தானே நாமும் வளர்ந்தோம்.

நம் பாட்டி, பெத்தா, பன் புல்லில் பாய் இழைத்துக்கொண்டே கதை சொல்லுவா, ஞாபகமா? நாம் 'ம்' போட வேண்டும். 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும். "நித்திரையா மனே?" என்று ஒரு குரல் வரும். ராட்சசி குடிசை வாசலுக்கு வருகிற இடத்தில் பெத்தாவின் விரல்கள் அப்படியே நிற்கும், இழைக்கிற பன் பாதியில் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கை மறுபடி அசையும்வரை நாமும் மூச்சு விடமாட்டோம். அப்படிப்பட்ட மனுசியை மைக்குக்கு முன்னால் நிறுத்தி, மணிக்கூட்டையும் காட்டினால் என்ன கதை வரும்?

ஆகவே மேடை வேண்டாம். கோயில் வெளிவீதி மணலில் பாய் விரி. ஓர் இரவுக்கு மூன்று பேர் போதும். கேடயம் வாங்கும் காசில் எல்லோருக்கும் தேத்தண்ணியும் கடலையும் கொடு. மைக் கட்டாயம் வேண்டும் என்றால் ஓரமாக இருக்கட்டும், 'ம்' போடுகிற சத்தம் கதை சொல்கிறவருக்குக் கேட்க வேண்டும்.

படுவான்கரைப் பெரியவரைக் கூட்டிவர நானே போகிறேன். முதல் ஆளாக அவரை இருத்து. காட்டில் நிற்கிற பிள்ளையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். சின்னவளும் வருவாள்.

அன்புடன்,
அக்கா